படம் கெட்டால் முதலில் ஃபில்டரைக் கழற்றுங்கள்: குமரிக் கடலோரத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கன்னியாகுமரி, சங்குத்துறை, சொத்தவிளை, முட்டம் என்று கடலோரமாகக் கேமரா தூக்குகிறவர்கள் "லென்ஸ் போச்சு", "ஆட்டோஃபோகஸ் வேலை செய்யல" என்று சொல்லும் புகார்களில் பல, லென்ஸுக்கு முன்னால் மாட்டியிருக்கும் சில நூறு ரூபாய்க் கண்ணாடியில் போய் நிற்கும். கடைக்குக் கொடுப்பதற்கு முன் கீழே உங்கள் அறிகுறியைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான சோதனை ஒன்றுதான். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, அதே இடம், அதே வெளிச்சம், அதே செட்டிங்கில் ஃபில்டரோடு ஒரு படம், கழற்றி ஒரு படம். இரண்டிலும் கோளாறு இருந்தால் ஃபில்டர் மீது பழி போடாதீர்கள். கழற்றியதும் போய்விட்டால் தொடர்ந்து படியுங்கள்.

அறிகுறி 1: சூரியனோ தெருவிளக்கோ படத்துக்குள் வந்தால் பச்சைப் புள்ளி, ஆவி போல ஒரு பிம்பம்

திரிவேணி சங்கமத்தில் சூரிய உதயம் எடுப்பவர்களுக்கு அதிகம் வரும் கோளாறு இது. ஒரு சோதனை போதும். புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். விளக்கு படத்தின் இடது மேல் மூலையில் இருந்து, புள்ளி வலது கீழ் மூலையில், நடுப்புள்ளிக்கு நேர் எதிரே இருந்தால் அது ஃபில்டரின் பிரதிபலிப்பாகவே இருக்கும். சென்சரில் பட்ட ஒளி திரும்பி வந்து, ஃபில்டரின் தட்டையான பின்பரப்பில் மோதி, மறுபடி உள்ளே போவதால் வருவது. கேமராவை லேசாகத் திருப்பினால் விளக்கு ஒரு பக்கம் நகரும், புள்ளி எதிர்ப்பக்கம் நகரும்.

காரணம் எளிது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4% ஒளியைத் திருப்பி அனுப்பும். நல்ல பல அடுக்குப் பூச்சு உள்ளதில் இது 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று அறிய, ஃபில்டரைக் கறுப்புத் துணிமேல் வைத்து, மேலே எரியும் டியூப்லைட்டின் பிம்பத்தை அதில் பாருங்கள். பிம்பம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் பூச்சு இல்லை. மங்கலாக, பச்சையோ ஊதாவோ கலந்து தெரிந்தால் பூச்சு உண்டு. ஒரு பரப்பின் பிம்பம் வெள்ளையாகவும் மற்றது நிறமாகவும் தெரிந்தால் ஒரு பக்கம் மட்டும் பூசி விற்றிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: உதயம், அஸ்தமனம், இரவு விளக்கு, கோயில் திருவிழா அலங்காரம் என்று ஒளி நேராகக் கண்ணில் அடிக்கும் எல்லா இடத்திலும் யு.வி. (புற ஊதாக் கதிரைத் தடுக்கும்) ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். டிஜிட்டல் கேமராவின் சென்சருக்கு முன்னால் ஏற்கெனவே வடிகட்டி இருப்பதால் யு.வி. ஃபில்டர் படத்தைத் தெளிவாக்கும் என்பதில் அர்த்தம் இல்லை. குமரியில் அதற்கு வேலை ஒன்றுதான்: உப்பையும் மணலையும் தன்மேல் வாங்கிக்கொள்வது. காற்று அடிக்காத இடத்தில் அது லென்ஸில் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

கழற்றியும் பச்சைப் புள்ளிகள் வரிசையாக, சூரியனிலிருந்து நடுவை நோக்கிக் கோடு போட்டது போல வந்தால் அது லென்ஸுக்குள் நடக்கும் பிரதிபலிப்பு. படம் பிடிக்கும் கோணத்தை மாற்றித்தான் சமாளிக்க வேண்டும்.

அறிகுறி 2: படம் முழுக்க வெளிறி, பால் ஊற்றியது போல

அ) ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கு வந்தீர்களா? விடிகாலையில் லாட்ஜை விட்டுக் கிளம்புகிறவர்களுக்கு இதுதான். குளிர்ந்த கண்ணாடிமேல் ஈரக்காற்று படிந்து வேர்த்துவிடும். துடைத்தால் மறுபடி வேர்க்கும், கூடவே கோடும் விழும். கேமராவைப் பைக்குள்ளேயே, ஜிப்பை மூடியபடி, அரை மணி நேரம் வெளிக்காற்றில் வையுங்கள். ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவில் வேர்த்திருந்தால் ஃபில்டரைக் கழற்றினால்தான் காயும். அடுத்த முறை படுக்கப் போகும்போதே பையைக் குளியலறையிலோ ஏசி காற்று படாத மூலையிலோ வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஆ) உப்பு. ஆனி, ஆடியில் மேற்குக் கரையில், முட்டம் பாறைமேல் பத்து நிமிடம் நின்றாலே கண்ணாடியில் படலம் ஏறிவிடும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், புகைபோலத் தெரியும். இதை உலர்ந்த துணியால் துடைப்பதுதான் ஃபில்டர்கள் கீறுவதற்கு முதல் காரணம். காய்ந்த உப்பு துகள் துகளாக இருக்கும், கூடவே மணலும் இருக்கும். வேட்டி நுனி, சட்டை நுனி, கைக்குட்டை எதுவும் ஆகாது.

சரியான முறை: முதலில் ரப்பர் ஊதியால் மணலை ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். யு.வி. அல்லது ஒற்றைக் கண்ணாடி என்.டி. (ஒளியைக் குறைக்கும் சாம்பல் கண்ணாடி) என்றால் லென்ஸிலிருந்து கழற்றி, நல்ல தண்ணீர்க் குழாயின் கீழே அரை நிமிடம் காட்டுங்கள். பாத்திரம் கழுவும் திரவ சோப்பில் ஒரு சொட்டு, விரல் நுனியால் மெல்ல, மறுபடி தண்ணீர். உதறிவிட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். குழாய்த் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி அலசலுக்குக் குடிதண்ணீரையோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையோ பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் வெள்ளைக் கறை நிற்கும்.

சி.பி.எல். (பளபளப்பைக் குறைக்கும் சர்க்குலர் போலரைசர்), வேரியபிள் என்.டி. (இருட்டின் அளவைத் திருகி மாற்றும் வகை) இரண்டையும் தண்ணீரில் முக்கவே கூடாது. அவற்றுக்குள் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் ஒட்டியிருக்கும், விளிம்பு வழியாக ஈரம் ஏறினால் ஒட்டு விட்டுவிடும். துணியை நனைத்துப் பிழிந்து உப்பைக் கரைத்து எடுத்து, பிறகு லென்ஸ் கிளீனரைத் துணியில் இரண்டு சொட்டு விட்டுத் துடையுங்கள். கிளீனரை நேராகக் கண்ணாடியில் விடாதீர்கள்.

இ) விளிம்பிலிருந்து உள்நோக்கி வானவில் வளையமோ, குமிழோ, இலை நரம்பு மாதிரித் தடமோ தெரிந்தால் அந்த ஒட்டு ஏற்கெனவே விட்டுவிட்டது. பழுது பார்க்க முடியாது. வேறு வாங்க வேண்டியதுதான்.

அறிகுறி 3: தூரத்துப் பறவை கூர்மையாக வரவில்லை

தேரூர், சுசீந்திரம் குளங்களில் நீளமான ஜூம் லென்ஸ் வைத்து எடுப்பவர்களின் புகார். 18-55 மி.மீ. ஜூம் லென்ஸில் குறை தெரியாத அதே தரமற்ற யு.வி., 200, 300 மி.மீ.யில் படத்தைக் கெடுக்கும். கண்ணாடியின் இரு பரப்பும் சரியான இணையாக இல்லாவிட்டால் நீள லென்ஸில்தான் அது முதலில் தெரியும்.

முதலில் நடுப்பகல் அனல் அலையைச் சந்தேகியுங்கள். குளத்துக்கு மேலே காற்று நெளிவது எந்த லென்ஸையும் மங்கலாக்கும். காலை எட்டு மணிக்குள் எடுத்துப் பார்த்தால் இது தீர்ந்துவிடும். பிறகு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, பத்து மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் வைத்து, இரண்டு விநாடி டைமரில், லென்ஸின் முழு நீளத்தில் ஃபில்டரோடு ஐந்து, இல்லாமல் ஐந்து. ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் 100 சதவீதத்தில் சின்ன எழுத்துகளை ஒப்பிடுங்கள். ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு கட்டினால் கை அசைவும் ஃபோகஸ் பிசகும் ஃபில்டர் கணக்கில் ஏறிவிடும்.

ஃபில்டர் இல்லாமலும் மங்கல் என்றால், படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் லென்ஸ் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கலாம். இது வீட்டு வேலை இல்லை, சர்வீஸ் சென்டர் வேலை.

அறிகுறி 4: வானத்தில் கறுப்புப் புள்ளிகள்

ஃபில்டரைத் திட்டாதீர்கள். லென்ஸ் முன்னால் உள்ள தூசி இவ்வளவு தெளிவாக விழாது. எஃப் 16 (லென்ஸின் சின்னத் துளை) வைத்து வெற்று வானத்தை ஒரு படம், எஃப் 4-இல் (பெரிய துளை) ஒரு படம். முதலாவதில் பளிச்சென்றும் இரண்டாவதில் மறைந்தும் போனால் சென்சரில் தூசி. ஊதியால் போகாவிட்டால் சுத்தம் செய்யக் கொடுங்கள். காட்டன் பட்ஸை உள்ளே விடுகிறவர்கள்தான் பெரிய பில் கட்டுகிறவர்கள்.

அறிகுறி 5: நான்கு மூலையும் கறுப்பு

யு.வி.மேல் சி.பி.எல்., அதன்மேல் என்.டி. என்று அடுக்கியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்றுங்கள். 18 மி.மீ.யில் தெரிந்து 24-இல் மறைந்தால் ஃபில்டர் வளையத்தின் தடிமன்தான் காரணம். கொஞ்சம் ஜூம் செய்து எடுத்து வெட்டிக்கொள்வது இலவசம். ஸ்டெப்-டவுன் வளையம் போட்டு, லென்ஸைவிடச் சின்ன ஃபில்டரை மாட்டியிருந்தாலும் இதே கதை. வளையம் எப்போதும் சின்னதிலிருந்து பெரியதற்குத்தான் போக வேண்டும்.

அறிகுறி 6: சி.பி.எல். போட்டும் ஒன்றும் மாறவில்லை

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஃபில்டர் நன்றாகவே இருக்கும், நிற்கும் திசை தப்பாக இருக்கும்.

சூரியனை ஆள்காட்டி விரலால் காட்டி, கட்டை விரலை அதற்குச் செங்குத்தாக நீட்டுங்கள். மணிக்கட்டைச் சுழற்றும்போது கட்டை விரல் எந்தெந்தத் திசையைக் காட்டுகிறதோ அங்கேதான் வானம் கறுக்கும். கரையிலிருந்து பார்த்தால் விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவர் சிலையும் ஏறத்தாழக் கிழக்குப் பக்கம். காலையில் சூரியன் அவற்றுக்குப் பின்னால், மாலையில் உங்கள் முதுகுக்குப் பின்னால். இரண்டு நேரத்திலும் சி.பி.எல். வானத்தை அதிகம் மாற்றாது, ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) ஒளியை மட்டும் தின்னும். அதே காலை எட்டரை மணிக்கு ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளை வடக்கே பார்த்து எடுங்கள், வளையத்தைத் திருப்பும்போதே நீலம் இறங்குவது தெரியும்.

நீர், கண்ணாடி, நனைந்த பாறை, இலை ஆகியவற்றின் பளபளப்புக்குத் திசையைவிடச் சாய்வு முக்கியம். பரப்புக்கு ஏறத்தாழ 35 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் முழுப் பலன். 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நின்று நேர்கீழே கடலை எடுத்தால் கண்ணாடியின் மினுக்கம் போகாது. இரண்டடி பின்னால் தள்ளி, சாய்வாக எடுங்கள். குத்துவிளக்கு, எவர்சில்வர் போன்ற உலோகத்தின் பளபளப்பை சி.பி.எல். எந்தச் சாய்விலும் நீக்காது. பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்த தரையில் வேண்டியதே அந்தப் பிரதிபலிப்புதான், அங்கே ஃபில்டர் பைக்குள் இருக்கட்டும்.

திசையும் சாய்வும் சரி, ஆனாலும் பலன் இல்லையா? இரண்டு சோதனை.

ஒன்று, லேப்டாப்பின் எல்.சி.டி. திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, மரைப் பக்கம் கண்ணுக்கு வரும்படி பிடித்துச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் திரை கிட்டத்தட்டக் கறுக்க வேண்டும். கறுக்காமல் ஊதாவோ பழுப்போ கசிந்தால் படலம் மட்டமானது. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருந்தால் அது வெறும் சாம்பல் கண்ணாடி. இதற்குச் செல்போன் திரையை நம்ப வேண்டாம்.

இரண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணுக்கு முன்னால் ஃபில்டரை வையுங்கள். மரைப் பக்கம் நிலைக்கண்ணாடியைப் பார்க்கும்போது பிம்பத்தில் ஃபில்டர் கறுப்பாகவும், திருப்பிப் பிடித்தால் தெளிவாகவும் தெரிந்தால் அது உண்மையான சர்க்குலர். இரண்டு பக்கமும் தெளிவாகவே இருந்தால் லீனியர் வகை. டி.எஸ்.எல்.ஆரில் (உள்ளே ஆடி உள்ள கேமரா) ஆட்டோஃபோகஸும் ஒளி அளவும் தடுமாறுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மிரர்லெஸ் (ஆடி இல்லாத) கேமராவில் அதுவே ஓடும்.

*கிளை: ஃபோகஸ் செய்ததும் பலன் மறைகிறது.* பழைய 18-55 கிட் லென்ஸ்கள் சிலவற்றில் ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கம் சேர்ந்து சுழலும், ஃபில்டரும் திரும்பிவிடும். முதலில் ஃபோகஸ், பிறகு சி.பி.எல். சுழற்றல்.

*கிளை: வானத்தில் ஒரு இடம் மட்டும் கருநீலப் பட்டை.* 18 மி.மீ. அளவுக்கு அகலமான காட்சியில் ஃபில்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வரும். பாதி அளவுக்குச் சுழற்றி விடுங்கள், அல்லது 30-க்கு மேல் ஜூம் செய்யுங்கள்.

*கிளை: சுழற்றும்போது கழன்று வருகிறது.* கேமராவுக்குப் பின்னால் நிற்கும்போது எப்போதும் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த் திசையில் சுழற்றுங்கள். அது மரை இறுகும் திசை. மறுதிசையில் திருப்பிப் பழகியவர்களின் ஃபில்டர்கள் பாறை இடுக்கில் கிடக்கின்றன.

அறிகுறி 7: அருவி, அலை நீண்ட எக்ஸ்போஷரில் நிறம் மாறுகிறது, குறுக்கே நிழல்

நிழல் பெருக்கல் குறி மாதிரி விழுந்தால் வேரியபிள் என்.டி.யை அதன் எல்லைக்குமேல் திருகியிருக்கிறீர்கள். அதற்குள் இருப்பது இரண்டு போலரைசர்கள். அகல லென்ஸில், கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் இது தவிர்க்க முடியாதது. இரண்டு குறி பின்னால் திருப்புங்கள், ஒளி இன்னும் குறைய வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. (சென்சரின் ஒளியுணர்திறன்) 100, எஃப் 11.

படம் முழுக்க மஞ்சளோ நீலமோ ஒரே சீராக ஏறியிருந்தால், ஃபில்டரை மாட்டியபடியே வெள்ளைத் தாளை எடுத்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வையுங்கள், அல்லது ரா (கேமரா பதப்படுத்தாத கோப்பு) வடிவில் எடுங்கள். கறுப்புத் துணியும் நிழலும் மட்டும் அரக்காக மாறினால் ஃபில்டர் அகச்சிவப்பைத் தடுக்கவில்லை என்று பொருள். ஒயிட் பேலன்ஸில் இது சரியாகாது.

மங்கலான ஊதா ஒளிக்கறை நடுவில் விழுந்தால், டி.எஸ்.எல்.ஆரின் கண் பார்க்கும் துளை வழியே வெயில் நுழைகிறது. கறுப்புத் துணி போட்டு மூடுங்கள். ஃபோகஸ் பிடிக்கவே மாட்டேன் என்றால் என்.டி. 1000 மாட்டிய பிறகு முயல்கிறீர்கள். மாட்டுவதற்கு முன் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு, பிறகு திருகுங்கள்.

கணக்கு: என்.டி. 8 என்றால் 3 ஸ்டாப், என்.டி. 64 என்றால் 6, என்.டி. 1000 என்றால் 10. ஃபில்டர் இல்லாமல் 1/60 வந்தால், 64-க்கு ஏறத்தாழ 1 விநாடி, 1000-க்கு ஏறத்தாழ 16 விநாடி. திற்பரப்பில் மர நிழலில் 1/30 கிடைத்தால், என்.டி. 8-உடன் 1/4, மேலே சி.பி.எல். சேர்த்தால் முக்கால் முதல் 1 விநாடி. அருவி நூல் நூலாக விழ அதுவே போதும், என்.டி. 1000 அங்கே வீண் செலவு. மலிவு விலையில் ஒரே ஒரு என்.டி. வாங்குவதென்றால் நிலையான 64, வேரியபிள் வேண்டாம்.

அறிகுறி 8: ஃபில்டர் கழலவே மாட்டேன் என்கிறது

அலுமினியத்தோடு அலுமினியம், நடுவில் உப்பு. இங்கே இது சாதாரணம். விரலால் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும்போது வளையம் முட்டை வடிவமாகி இன்னும் இறுகும். தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

1. முழு வட்டமும் சமமாகப் பிடி கிடைக்க வேண்டும். அகலமான ரப்பர் பேண்டையோ சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டையையோ சுற்றி, விரல்கள் எல்லாவற்றையும் வைத்து லேசாகத் திருப்புங்கள். ரப்பர் விளையும் மாவட்டத்தில் ரப்பருக்குப் பஞ்சமில்லை.
2. போகவில்லையா? ஃபில்டர் முகத்தை, சுத்தமான ரப்பர் விரிப்பில் கவிழ்த்து, கண்ணாடி படாமல் வளையம் மட்டும் படும்படி வைத்து, லென்ஸைச் சீராகத் திருகுங்கள்.
3. அடுத்தது பிளாஸ்டிக் ஃபில்டர் சாவி. ஜோடியாக, சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.
4. சி.பி.எல். என்றால் முன் வளையம் சும்மா சுழலும். லென்ஸை ஒட்டிய பின் வளையத்தைப் பிடித்தால்தான் வேலை நடக்கும்.

எண்ணெய் விடாதீர்கள், அது லென்ஸுக்குள் ஊரும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வேர்க்கும். வளையம் விழுந்து நெளிந்திருந்தால் இடுக்கியைத் தொடாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். நெளிவு நிமிர்த்தும் கருவி அவரிடம் இருக்கும், உங்கள் இடுக்கி லென்ஸின் மரையையும் சேர்த்துக் கடித்துவிடும். கழன்ற பிறகு மரையில் பென்சில் முனையை ஒரு சுற்றுத் தேய்த்து, பொடியை ஊதிவிடுங்கள். பித்தளை வளையம் உள்ள ஃபில்டர் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் இவ்வளவு எளிதாகச் சிக்காது.

அறிகுறி 9: கண்ணாடியில் சிலந்தி வலை போல நூல்

பூஞ்சணம். ஃபில்டரில் மட்டும் என்றால் மலிவானதைத் தூக்கிப் போடுங்கள், அது பூச்சை அரித்திருக்கும். லென்ஸின் முன்கண்ணாடியை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தெரிந்தால் சர்வீஸுக்குத்தான், அதுவரை மற்ற லென்ஸ்களோடு வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே காற்றுப் புகாத டப்பா ஒன்று, அதில் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதம் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வெறும் வாணலியில் சிறு தீயில் பழைய நிறம் வரும்வரை வறுக்கலாம். ஃபில்டரைத் தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைக் குடிக்கும்.

வேறு வாங்கப் போகும்போது

அளவு லென்ஸின் முன் விளிம்பிலோ மூடியின் உட்புறத்திலோ, குறுக்குக் கோடு போட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும்: 49, 52, 55, 58, 67, 77 மி.மீ. என்று. 18-55 என்பது ஜூம் அளவு, அதைச் சொல்லி ஃபில்டர் கேட்டால் கடைக்காரர் ஊகித்துத் தருவார். கேனானின் இ.எஃப்-எஸ் 18-55 எஸ்.டி.எம்.முக்கு 58, நிக்கானின் 18-55 ஏ.எஃப்-பி.க்கு 55, கேனான் இ.எஃப். 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம்.முக்கு 49. இரண்டு மூன்று லென்ஸ் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி சி.பி.எல். வாங்காமல், பெரிய அளவில் ஒன்று வாங்கி, மற்றவற்றுக்கு ஸ்டெப்-அப் வளையம் போடுங்கள். 67 வாங்கினால் 58-67, 55-67 வளையங்கள் போதும். ஒரே குறை, வளையம் இருக்கும்போது ஹூட் மாட்ட முடியாது. வெயிலைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டரிலேயே பெட்டியைத் திறந்து, டியூப்லைட் பிம்பம் பாருங்கள், சி.பி.எல். என்றால் கடைக்காரரின் லேப்டாப்பில் சுழற்றிப் பாருங்கள், காதோரம் வைத்து லேசாக ஆட்டிக் கண்ணாடி கலகலக்கிறதா என்று கேளுங்கள். மூன்றுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகாது. திறக்க விடாத கடையில் யு.வி. மட்டும் வாங்கலாம்.